துபாய் போனுக்குத் தோப்பு வீட்டில் ஏன் சிக்னல் எடுக்கவில்லை?

போன மாதம் கோட்டூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். மஞ்சப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய போன். மகன் துபாயில் வாங்கிக் கொடுத்தனுப்பியது, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்கவில்லை. "தம்பி, இந்த சிம்ம மாத்திக் குடுங்க. வீட்ல ஒரு கோடுகூட ஏற மாட்டேங்குது. நான் வேணும்னே எடுக்கலன்னு அவன் கோவிச்சுக்கிறான்" என்றார். வாங்கிப் பார்த்தால் கடையில் நாலு கோடும் நிற்கிறது, கூப்பிட்டால் மணி அடிக்கிறது. அதற்குள் மூன்று முறை சிம் மாற்றியாகிவிட்டதாம்.

மன்னார்குடியில் பதினெட்டு வருடமாக போன் சர்வீஸ் செய்கிறேன். சிக்னல் இல்லை என்று யார் வந்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது சிம்மை அல்ல, போனின் மாடல் எண்ணை. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் இருக்கும். அதை அப்படியே நெட்டில் தேடினால் அந்த போன் எந்தெந்த பேண்டில் வேலை செய்யும் என்று வந்துவிடும். அந்த அம்மாவின் போனில் 4ஜிக்கு இருந்தவை 1, 3, 7, 8, 20. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் விற்கிற பல போன்களில் இதே வரிசைதான் இருக்கும். அவர் போட்டிருந்த சிம்மின் நிறுவனம் இங்கே 4ஜிக்குப் பயன்படுத்துவது 3, 5, 40. இரண்டு பக்கமும் பொருந்துவது 3 ஒன்றுதான்.

பேண்ட் என்பது அலைவரிசைக்கு வைத்திருக்கும் எண். பேண்ட் 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், 5 என்றால் 850, 40 என்றால் 2300. ஒரே டவரிலிருந்து ஒரு நிறுவனம் இப்படி இரண்டு மூன்று அலைவரிசைகளில் அனுப்பும். போனில் அந்த பேண்ட் இல்லையென்றால் டவருக்குக் கீழேயே நின்றாலும் எடுக்காது. சிம்மை எத்தனை தடவை மாற்றினாலும் இது மாறாது.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். தார் ரோட்டிலிருந்து இறங்கி, வாய்க்கால் மதகைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. என் போனில் அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, எந்த பேண்டில் இருக்கிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்தேன். ரோட்டில் 40. மதகைத் தாண்டியதும் 3. தோப்புக்குள் நுழைந்து இருபது மரம் கடப்பதற்குள் 5. திண்ணையில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் போனில் 850இல் இரண்டு கோடு, அவர் போனில் 'நோ சர்வீஸ்'. "அப்ப சிம்மு கெட்டுப்போகலையா?" என்று கேட்டார். சிம்மும் நல்ல சிம், போனும் நல்ல போன். இந்தத் தோப்புக்கு எட்டுகிற அலை அந்த போனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அலையின் நீளத்தைச் சொன்னால் சட்டென்று புரியும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய ஒரு முழம். 850 முக்கால் முழம். 1800 முக்கால் சாண். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் உள்ளங்கை அகலம். நீள அலை தூரம் போகும், மரம் மட்டை சுவரையெல்லாம் ஓரளவு தாண்டி வரும். குட்டை அலை நிறைய டேட்டாவைத் தூக்கிவரும், ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதிலும் ஐப்பசி மழையில் நனைந்த கீற்று அதை நன்றாகவே குடித்துவிடும். டெல்டாவில் மலை மறைப்பு இல்லை, சமவெளிதான். இங்கே மறைப்பது தோப்பும் மூங்கில் கொல்லையும்தான். கடைத்தெருவில் எடுக்கிற போன் கொல்லையில் எடுக்காமல் போவது இதனால்தான்.

அதனால் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். நம் நாட்டு 4ஜிக்கு 1, 3, 5, 8, 40 இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் என்பது பேண்ட் 8. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) சிம் வைத்திருப்பவர்களுக்குக் கிராமத்தில் கைகொடுப்பது அது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு மாற நினைப்பவர்கள் பேண்ட் 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அவர்கள் 2100-உடன் 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறார்கள், தோப்பு வீட்டுக்கு எட்டக்கூடியது அந்த 700தான். பழைய போன்கள் பலவற்றில் 28 கிடையாது. 5ஜி பேண்ட் எண்ணுக்கு முன்னால் 'என்' என்று போட்டிருக்கும். அதில் என்78 முக்கியம், ஜியோவுக்கு என்28-உம் சேர்த்து.

வெளிநாட்டு போனில் இன்னொரு சிக்கல், வோல்டி. 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி அது. பேண்ட் எல்லாம் பொருந்தினாலும் இங்குள்ள நிறுவனத்துக்கான வோல்டி அந்த போனில் இல்லையென்றால் நெட் ஓடும், பேச முடியாது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் கால் 2ஜிக்கு இறங்கிப் போகும், பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும்.

பேண்ட் பட்டியலைப் பார்க்க நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியதை வேதாரண்யம், முத்துப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போய், டவரில் பேட்டரி தீர்ந்து, டீசலும் தீர்ந்தால் ஒவ்வொரு டவராக அணையும். நம் சிம்மின் டவர் அணைந்தாலும் அவசர உதவி எண் 112க்கு அடித்தால் வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போகும். பெரும் புயல் சமயத்தில் ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொருவர் டவரில் வேலை செய்யும்படி அரசு ஏற்பாடு செய்வதும் உண்டு. ஆனால் அந்த இன்னொருவரின் பேண்ட் உங்கள் போனில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் பேண்ட் நிறைய உள்ள போனாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம், சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், நான் மாட்டுவதில்லை. அது கிளப்புகிற இரைச்சலில் டவர் தடுமாறி, சுற்றியுள்ள நாலு வீட்டுக்குச் சிக்னல் கெடும். வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகவே கால் போகும், போதும்.

அந்த அம்மாவுக்கு இங்கே விற்கிற சாதாரண போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்தபடியே மகனோடு பேசினார். துபாய் போன் தஞ்சாவூரில் படிக்கும் பேரனிடம் போயிற்று. அங்கே அவன் ஹாஸ்டலில் 1800 நன்றாகவே எடுக்கிறது. மகன் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தங்கைக்கு ஒரு போன் வாங்கப் போகிறாராம். கடையில் நின்றபடியே மாடல் எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொன்ன பிறகு காசு கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.