விரல் நுனிக்கு ஒரு நுளம்பு

மழைக்காலம் தொடங்கியதும் கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளின் பைகளில் டெங்கு பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றாவது வந்து சேரும். கால்களில் வெள்ளை வளையங்கள் கொண்ட நுளம்பின் படம் அதில் பெரும்பாலும் இருக்கும். அதே செய்தியை விழிப்புலனற்ற ஒரு சிறுமிக்கு, விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் நூலாகத் தர முற்படும்போது எழுத்து அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. தொல்லையெல்லாம் படத்தில்தான்.

எழுத்து ஏன் எளிதென்றால், லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட முறை நிரலுக்கு மூன்றாக இரு நிரல்களில் நிற்கும் ஆறு புள்ளிகளோடு முடிந்துவிடுகிறது. அவை எழும்பியும் எழும்பாமலும் 64 விதமாக அமையலாம். எதுவுமே எழும்பாத கட்டம் சொற்களுக்கு இடையிலான வெளியாகிவிட, மிஞ்சுபவை 63. தமிழின் 247 எழுத்துகள் இதற்குள் அடங்குமா என்ற ஐயத்தைத் தீர்ப்பது நம் இலக்கணமே: உயிர்மெய் 216உம் மெய்யும் உயிரும் சேர்ந்தவை என்பதால், மெய்யின் கட்டத்தை அடுத்து உயிரின் கட்டத்தை இட்டால் போதும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஒழுங்குபடுத்தப்பட்ட பாரதி பிரெயிலில் அகரம் ஏறிய மெய்க்கு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. புள்ளி பெற்ற மெய்க்கு மட்டும், நான்காம் புள்ளி, அதாவது வலப்பக்க நிரலின் மேற்புள்ளி, தனியே எழும்பிய ஒரு கட்டம் முன்னால் வரும். அச்சில் முன்னும் பின்னும் குறியிட்டு எழுதும் 'கொ' இங்கே 'க', 'ஒ' என்று ஒலிக்கும் வரிசையிலேயே வந்துவிடுகிறது. அச்சில் நான்கு எழுத்தாக நிற்கும் 'நுளம்பு', பிரெயிலில் ஏழு கட்டங்களாகி ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் நீள்கிறது. இன்னொரு சுவையான செய்தி: எண் வரப்போகிறது என்று அறிவிக்கும் குறியும் 'ண'கரத்தின் குறியும் ஒன்றே. ஆயினும் தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காததால், எண்ணின் முன் நிற்கும் அக்குறி வாசகரைக் குழப்புவதில்லை. தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல் விதி இங்கே எதிர்பாராத வகையில் கைகொடுக்கிறது.

புள்ளி ஒன்று ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் உயரம் எழும்புகிறது. அண்டைப் புள்ளிகளுக்கு இடையே சுமார் இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். இந்த அளவு, விரல் நுனித் தோல் இரு முனைகளை இரண்டாகவே பிரித்துணரக்கூடிய எல்லைக்கு அருகில் இருப்பதால் ஓர் எழுத்து முழுவதும் ஒரே தொடுகையில் அகப்படுகிறது. தோலின் மேற்படைக்கு அடியிலுள்ள மேர்க்கல் கலங்களும் அவற்றோடு இணைந்த நரம்பிழைகளும் புள்ளிகளின் விளிம்புகளை உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. ஆனால் அசையாமல் அழுத்திய விரலுக்குப் புள்ளிகள் விரைவில் மங்கிவிடும். ஊர்ந்துகொண்டே இருக்கும் விரலுக்கே அவை தெளிவு. தேர்ந்த பிள்ளைகளைக் கவனித்தால், வலக்கை ஒரு வரியின் கடைசியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதைக் காணலாம்.

எழுத்துக்கு உதவும் இந்த ஊர்தலே படத்துக்குச் சிக்கலாகிறது. கண் முதலில் முழு உருவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னர் பகுதிகளுக்கு இறங்குகிறது. விரலோ பகுதி பகுதியாகத் தொட்டு, அவற்றை நினைவில் கோத்து, முழுமையைக் கடைசியில்தான் அடைகிறது. பக்கவாட்டில் நின்று கடிக்கும் நுளம்பின் வழக்கமான வரிப்படத்தை அப்படியே மேடாக்கினால், ஒன்றன்மேல் ஒன்று விழும் சிறகுகளும் குறுக்கே போகும் கால்களும் விரலுக்குக் கோட்டுச் சிக்கலாகவே படும். எனவே மேலிருந்து பார்த்ததுபோல் உடலை நடுவில் கிடத்தி, ஆறு கால்களையும் ஒன்றையொன்று தொடாதவாறு விரித்து வைக்க வேண்டும். வெள்ளை வளையங்களுக்கு நிறம் உதவாது என்பதால் அவை காலின் கோட்டில் விட்ட இடைவெளிகளாகின்றன. இவ்வளவு பெரிதாக்கிய படத்தைத் தொட்ட பிள்ளை, நுளம்பு உள்ளங்கை அளவு என்று நம்பிவிடவும் கூடும். அதற்கு அழகான மாற்று உண்டு: ஆறு புள்ளிகளும் எழும்பிய ஒரு கட்டத்தைப் பக்க மூலையில் பதித்து, "உண்மையில் நுளம்பு இவ்வளவுதான்" என்று எழுதிவிடலாம், ஏனெனில் அக்கட்டத்தின் உயரமும் நுளம்பின் உடல் நீளமும் ஏறக்குறைய ஒன்றே. நீர்மட்டத்தில் சுவாசக்குழலை வைத்துத் தலைகீழாகத் தொங்கும் குடம்பியைக் காட்டுவது இன்னும் கடினம். பாத்திரத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வழக்கமே பார்வையுள்ளோர் பழகிக்கொண்ட ஓர் உடன்பாடுதான் என்பதால், முதலில் உண்மையான சிரட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவதே நல்லது.

படத்தை மேடாக்கும் வழிகளில், வீங்கும் தாள் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் மேற்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் நிறைந்துள்ளன. கரிய மையால் வரைந்து வெப்ப விளக்கின் அடியில் செலுத்தும்போது, கறுப்பு அதிக வெப்பத்தை உறிஞ்சுவதால் மைக்கு அடியிலுள்ள குமிழ்கள் மட்டும் விரிந்து கோட்டை எழுப்புகின்றன. ஆனால் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே உயரமாகவே வரும். பல உயரங்கள் தேவையானால், கையால் செய்த மூலவடிவத்தின் மேல் சூடாக்கிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, கீழிருந்து காற்றை உறிஞ்சி வடிவத்தைப் பதித்தெடுப்பார்கள். எழுத்துப் பக்கங்களோ தடித்த தாளில், வரிக்கு 40 கட்டமும் பக்கத்துக்கு 25 வரியுமாக அடிக்கப்படுகின்றன. ஆகவே மெல்லிய பாடநூலும் பல தொகுதிகளாகப் பருத்துவிடும். அவற்றைக் கிடையாக அடுக்கினால் அடியிலுள்ள புள்ளிகள் பாரத்தில் நசுங்கும், கொழும்பின் ஈரக்காற்றில் தாள் இளகுவதால் இன்னும் விரைவாக.

வெள்ளவத்தையில் எங்கள் அயல்வீட்டுச் சிறுமிக்காக நான் வரைந்த முதல் நுளம்பு தோற்றுப்போனது. கண்களை மூடிக்கொண்டு நானே தடவிப் பார்த்தபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வரைந்தவனுக்குப் படம் முன்பே தெரியும் என்பதால் அது சோதனையே அல்ல என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் இரு கைகளாலும் ஓரத்திலிருந்து தடவி வந்து, விரல் விட்டு எண்ணி, "இதுக்கு ஏழு கால் இருக்கே, மாமா" என்றாள். உறிஞ்சுகுழலையும் அவள் காலாக எண்ணியிருந்தாள். அடுத்த தாளில் கால்களைப் புள்ளிக்கோடுகளாக்கி, உறிஞ்சுகுழலை மட்டும் தடித்த ஒரே கோடாக விட்டு, உணர்கொம்புகளை நீக்கிவிட்டேன், இம்முறை ஆறு என்று எண்ணியவள், தடித்த கோட்டில் விரலை நிறுத்தி, "இதாலதான் குத்துதா?" என்று கேட்டாள்.