மூழ்கும் ஆண்டை விடுங்கள், கிணற்றைப் பாருங்கள்

"துவாலு எந்த ஆண்டு மூழ்கும்?" நிலத்தடி நீரைப் பற்றிப் பேசப் போகும் கூட்டங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சென்ற வாரமும் வந்தது. துவாலு பசிபிக் பெருங்கடலின் தாழ்ந்த தீவு நாடு. சில நேரம் மாலத்தீவு, கிரிபட்டி, மார்ஷல் தீவுகள் என்று பெயர்தான் மாறுகிறது. கடல் ஏறி ஒருநாள் கடைசிக் கூரையையும் மூடும், அதுவரை கவலையில்லை என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது தவறு. அந்த நாளுக்கு வெகுகாலம் முன்பே குடிநீர் போய்விடும்.

தாழ்ந்த பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கிணற்றில் ஊறுவது அதுதான். பேரலை ஒருமுறை தீவின்மேல் ஏறினால் போதும், அது கெட்டுவிடும். 2005இல் பெர்சி புயலின்போது குக் தீவுகளின் புகாபுகாவில் கடல்நீர் புகுந்தது. நிலத்தடி நீர் மீண்டும் குடிக்கத் தக்கதாக ஏறக்குறைய ஓராண்டு ஆனது. கடல்மட்டம் உயர உயர இத்தகைய அலைகள் அடிக்கடி வரும். தேறுவதற்குள் அடுத்தது வந்தால்? மார்ஷல் தீவுகளிலுள்ள ரோய்-நமூர் தீவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான பவளத் தீவுகள் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வாழத் தகுதியற்றவை ஆகலாம் என்று எச்சரித்தது.

"துவாலுவின் நிலம் கூடியிருக்கிறதே" என்று வாதாடுபவர்களும் உண்டு. உண்மைதான். 1971 முதல் 2014 வரை அதன் 101 தீவுகளின் மொத்தப் பரப்பு 2.9 விழுக்காடு கூடியது. அலை ஒதுக்கிய மணல் அது. மணல் சேர்ந்தால் கிணறு இனிக்குமா? 2011இல் லா நினா என்ற பசிபிக் கடல் வானிலை மாற்றத்தால் மழை பொய்த்தபோது அதே துவாலு நெருக்கடி நிலை அறிவித்தது. நிலம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

இன்னொன்று, கடலோரத் தடுப்புச் சுவர். அலையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பவள நிலம் சல்லடை. உப்புநீர் சுவருக்கு அடியில் தடையின்றி வரும். வடிகால் இல்லாத சுவர், உள்ளே புகுந்த கடல்நீரைத் தேக்கியும் வைக்கும்.

தீவில் வாழ்பவர்களுக்கும் அங்கே திட்டம் தீட்டுபவர்களுக்கும் சொல்கிறேன். கடல்நீர் புகுந்த கிணற்றைத் தூய்மையாக்குவதாக நினைத்து ஓயாமல் இறைக்காதீர்கள். அடியிலுள்ள உப்பு மேலேறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், பலன் கிட்டவில்லை. கொதிக்க வைத்தால் உப்பு போகாது, செறிவுதான் கூடும். ஆழ்துளைக் கிணறு வேண்டவே வேண்டாம். கிரிபட்டியின் தெற்குத் தராவாவிலுள்ள பொன்ரிகியில் செய்திருப்பதுபோல், ஆழமில்லாத கிடைமட்டக் குழாய்கள் வழியே மேல்நீரை மட்டும் எடுங்கள். கழிப்பறைக் குழியைக் கிணற்றுக்கு அருகில் தோண்டாதீர்கள். கூரையில் விழும் மழையை வீணாக்காதீர்கள்.

நிதி ஒதுக்குபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கடலை உயர்த்தும் உலகின் கரியமில வாயு உமிழ்வில் இந்த நாடுகளின் பங்கு 1 விழுக்காடுகூட இல்லை. சுவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மழைநீர்த் தொட்டிகளுக்கும், கிணற்று உப்பை மாதந்தோறும் அளக்கும் உள்ளூர்ப் பணியாளரின் சம்பளத்துக்கும் கொடுங்கள். அந்த அளவீடு இல்லாமல் எந்தக் கிணற்றை எப்போது மூட வேண்டும் என்று எங்களால் சொல்ல முடியாது.