கூண்டுக்குள் வந்தது சிறுத்தைதானா?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசைவீடு) ஒன்றிலிருந்து ஓர் அக்கா எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. தோளிலிருந்த உரச்சாக்கை இறக்கி வைத்தார். இன்னொரு கையில், சேலைத் தலைப்பில் சுற்றிய கோழி ஒன்று கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, ராத்திரி சிறுத்தை வந்து எல்லாத்தையும் அடிச்சிப் போட்டுடுச்சு. இது ஒண்ணுக்குத்தான் உசுரு இருக்கு."

சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். எட்டுக் கோழிகள். ஒன்றையும் தின்றிருக்கவில்லை. முதுகிலும் வாலடியிலும் இறகு கொத்துக் கொத்தாகப் போயிருந்தது. வெளியே பார்த்தால் புள்ளி புள்ளியாகச் சின்னப் பல் தடம், அவ்வளவுதான். ஒன்றின் தொடைத் தோலை உரித்துக் காட்டினேன். உள்ளே சதை கருரத்தம் கட்டி நசுங்கிப் போயிருந்தது. கவ்வி உதறியிருக்கிறது. எட்டில் இரண்டு கோழிகளின் மேல் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன.

"அக்கா, இது சிறுத்தை இல்ல. நாய். ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம்."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மலையில் யார் போனை எடுத்தாலும் கேமராவில் சிக்கிய சிறுத்தைதான் ஓடுகிறது. சிறுத்தை ஊருக்குள் வருவதும் உண்மை. ஆனால் வருவது பெரும்பாலும் நாயைத் தேடி. கோழிக்கூண்டில் கைவைத்தால் பலகையையும் வலையையும் பிய்த்த விதத்திலேயே பலம் தெரியும். எட்டையும் கொன்று அப்படியே போட்டுவிட்டுப் போவது அதன் வழக்கமில்லை. நாய்க்கு அது விளையாட்டு. சிறகடிக்கும் வரை துரத்தும், அடங்கியதும் அடுத்ததற்குப் போகும்.

யார் வந்தது என்று தெரிந்துகொள்வதற்கு நான் இவ்வளவு நேரம் செலவழிப்பது ஆளுக்கு ஆள் தடுக்கும் வழி வேறு என்பதால்தான். கீரி பகலில் வரும், கழுத்தையோ தலையையோ கடிக்கும். நம் மலையில் கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட பெரிய கீரி ஒன்று உண்டு. அதற்கு முழுக்கோழியே பெரிய விஷயமில்லை. மரநாய் ராத்திரி ஆள், கூரை வழியாக இறங்கும். (பெயரில்தான் நாய். காப்பிப் பழம் தின்பதும் இதேதான்.) காட்டுப்பூனையும் சிறுத்தைப்பூனையும் கோழியைத் தூக்கிக்கொண்டே போய்விடும், நாலு இறகுதான் மிஞ்சும். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பை நினையுங்கள். குஞ்சு செத்துக் கிடந்து, தலையும் தோளும் மட்டும் எச்சிலில் நனைந்த மாதிரி ஒட்டிப்போயிருந்தால் அதுவும் பாம்புதான். விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது. பட்டப்பகலில், முற்றத்தில், ஒரே ஒரு குஞ்சு என்றால் வல்லூறு. குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகும்வரை மேலே பழைய மீன்வலை கட்டிய இடத்தில் மேயவிட்டால் அந்தப் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்தது.

சரி, அக்காவின் கூண்டுக்கு வருவோம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சீகை மரக் கம்பு நாலு நட்டு, அறுகோணக் கண் வைத்த கோழிவலையைச் சுற்றி, மேலே தகரம். மலையில் பாதிக் கூண்டுகள் இப்படித்தான். இந்த வலையைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: அது கோழி வெளியே போகாமல் இருப்பதற்கு, நாய் உள்ளே வராமல் இருப்பதற்கு அல்ல. நடுத்தர நாய் ஒன்று பல்லால் பிடித்து இழுத்தாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். அதுவும் நமக்கு இரண்டு பருவமழை, வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம். துரு ஏறிய கம்பி அப்பளம் மாதிரி நொறுங்கும். அக்கா வீட்டு வலையில் தரையை ஒட்டி, என் முழங்கை போகிற அளவுக்கு ஓட்டை. பிய்ந்த கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது. கீழே ஈரமண்ணில் பிறாண்டிய தடம், பக்கத்தில் நகக்குறியோடு காலடித் தடம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாய்க்கு அது முடியாது. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் அக்கா வாயை மூடினார்.

வாங்க வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் வைத்த வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. விலை கூடத்தான். கூண்டு முழுக்க முடியாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அடியுங்கள். சட்டத்துக்கு வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். உள்பக்கம் அடித்தால் நாய் தள்ளத் தள்ள ஆணி கழன்று வரும். ஆணியை நம்பாமல் வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குவது நல்லது. அடுத்தது தரை. வலையை ஓரடி ஆழம் புதைக்கச் சொல்வார்கள். நம் ஊர்ப் பாறை மண்ணில் கடப்பாரை போடுகிறவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அதற்குப் பதிலாக, கூண்டைச் சுற்றி வெளியே ஒன்றரை இரண்டடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் படுக்கப் போட்டு, ஓரத்தைக் கூண்டோடு சேர்த்துக் கட்டி, மேலே கல் அடுக்கிவிடுங்கள். தோண்டுகிற மிருகம் சுவரை ஒட்டித்தான் தோண்டும். இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது.

தகரத்தின் நெளிவுக்கு அடியில் பட்டை பட்டையாக இடைவெளி இருக்குமே, மரநாய்க்கு அது வாசல். அதையும் மெஷ் வைத்தே அடைக்க வேண்டும், சாக்கு வைத்து அல்ல. டிசம்பர், ஜனவரி உறைபனிக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கால் மூடிவிடுகிறார்கள். காலையில் கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், எச்சத்தின் நெடியில் கண் எரியும். கோழிக்குக் குளிரைவிட அந்தக் காற்றுதான் எமன்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. குரங்கு திறந்துவிடும், முட்டை எடுக்க வந்த குரங்கு திறந்துவிட்டுப் போன கதவில் நாய் நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டு, அதில் ஸ்பிரிங் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். தாய்க்கோழியையும் குஞ்சையும் கொடாப்பில் (கூடையில்) கவிழ்த்து வைக்கிறவர்கள் ராத்திரியில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு பெரிய கல் வைத்தாலும் நாய் மூக்கால் தள்ளிக் கவிழ்க்கும். நேரமும் முக்கியம். பனி இறங்குகிற நாளில் ஐந்து மணிக்கே கோழி அடையப் பார்க்கும். ஆறு மணிக்குத் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து மூடிக்கொள்ளலாம் என்றால், அந்த ஒரு மணி நேரம் யாருக்கோ போதும்.

இப்போது கோபம் வருகிற விஷயம். கோழி போன மறுநாள், செத்த கோழியின் மேல் குருணைப் பூச்சிக்கொல்லியைத் தூவி வேலியோரம் வைப்பது. சுருக்குக்கம்பி கட்டுவது. கூண்டைச் சுற்றி மின்சாரம் விடுவது. மூன்றும் குற்றம், சிறுத்தை மட்டுமல்ல, கீரியும் மரநாயும்கூட 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. தெரு நாய்க்கு விஷம் வைப்பதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், விஷம் ஆள் பார்த்து வேலை செய்யாது. 2023 செப்டம்பரில் எமரால்டு பக்கம் அவலாஞ்சியில், விஷம் வைத்த மாட்டின் உடலைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மாட்டுக்காரர் கைதானார். மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விஷம் ஓடையில் கலந்திருந்தால்? செத்த கோழியை ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். தேயிலைக்குள் வீசினால் நாய்க் கூட்டம் அங்கேயே பழகிவிடும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். சாலை வளைவுகளில் மூட்டை மூட்டையாகக் கோழிக்கடைக் கழிவு கொட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாயை விலக்கப் போய் உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால், கோழியை அப்படியே விட்டுவிட்டு முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். தவணை சொல்லுவார்கள், ஒன்றையும் விடக்கூடாது.

அடிபட்ட கோழியை அட்டைப்பெட்டியில் போட்டு, இருட்டாக, வெதுவெதுப்பாக வையுங்கள். பல கோழிகள் கடியால் அல்ல, அதிர்ச்சியால் சாகின்றன. காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்து, உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறிய நீரால் கழுவி, பொவிடோன் அயோடினைப் பால் ஊற்றாத லேசான டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து தடவலாம். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மேலே சின்ன ஓட்டை என்று நினைத்து இரண்டு நாள் பார்ப்பதும் கூடாது. நாய், பூனை, கீரியின் பல் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒரு நாளுக்குள் எங்களிடம் கொண்டுவாருங்கள். கோழி பலூன் மாதிரி உப்பிக்கொண்டே வந்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே காற்றுப்பை கிழிந்து தோலுக்கடியில் காற்று ஏறியிருக்கும். வீட்டில் ஊசியால் குத்தாமல் அப்படியே எடுத்து வாருங்கள்.

அக்காவின் சேலையிலிருந்த கோழிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். ஆசையாகக் குடித்தது. குடித்த தண்ணீர் கழுத்து இறகு வழியாக மேஜையில் சொட்டியது. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை கிழிந்திருந்தது. உள்ளே கிடந்த அரிசியையும் புல்லையும் கழுவி எடுத்து, பைக்குத் தனியாக, தோலுக்குத் தனியாக இரண்டு வரிசைத் தையல் போட்டேன். மூன்று வாரம் முட்டை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோழிக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தார். மெஷ் அடித்தாயிற்றாம். கோழி முட்டை வைக்கிறதாம். "நாய் யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார்.

"லைன்ல திரியுற ரெண்டுதான், டாக்டரம்மா. காலையில நான்தான் அதுங்களுக்குப் பழைய சோறு வைக்கிறேன்."

இரண்டையும் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கூட்டிவரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்தேன்.