பாவசங்கீர்த்தனம் முதல் ஒப்புரவு வரை

கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற நீண்ட சொல் வாயில் தன்னால் வரும். “பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?” என்று பெரியவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அது. முதல் தடவை கேட்கிறவர்களுக்கோ கொஞ்சம் குழப்பமாக இருக்கும். சங்கீர்த்தனம் என்றால் பாட்டு அல்லவா? பாவத்தை யாராவது பாடுவார்களா?

நியாயமான கேள்விதான். வடமொழியில் ‘கீர்த்’ என்ற வினையடிக்கு எடுத்துச் சொல்லுதல், பெயர் சொல்லிக் குறிப்பிடுதல் என்று பொருள். கீர்த்தி, கீர்த்தனை எல்லாம் அந்த அடியில் பிறந்தவை. ஒருவரைப் பற்றி ஊரே எடுத்துச் சொன்னால் கீர்த்தி. இறைவனைப் பற்றி எடுத்துச் சொன்னால் கீர்த்தனை. முன்னால் நிற்கும் ‘சம்’ முழுமையைக் காட்டுகிறது. ஆக, செய்த பாவத்தை மறைக்காமல், பெயர் சொல்லி, முழுவதுமாக எடுத்துச் சொல்வதுதான் பாவசங்கீர்த்தனம். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் அருட்சாதனத்துக்கு, அதாவது திருச்சபையின் புனிதச் சடங்குக்கு, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

துதிப்பதற்கும் குற்றம் சொல்வதற்கும் ஒரே சொல் வந்தது ஏதோ தற்செயல் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயத்தில் ‘யாதா’ என்ற வினையும் இதே இரட்டைப் பொருளோடு வருகிறது. வேதாகமத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களில் ‘கர்த்தரைத் துதியுங்கள்’ என்று வரும் இடத்திலும் அதுதான். 32ஆம் சங்கீதத்தில் ‘என் மீறுதல்களை அறிக்கையிடுவேன்’ என்று வரும் இடத்திலும் அதுதான். லத்தீனில் ‘கொன்ஃபெசியோ’வும் அப்படியே. புனித அகுஸ்தீன் 397க்கும் 400க்கும் இடையில் தன் வாழ்க்கையை எழுதி அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். இளமையில் செய்த தவறுகளை அதில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஆனால் நூல் தொடங்குவது பாவத்தில் அல்ல, “ஆண்டவரே, நீர் பெரியவர்” என்ற துதியில். நம்மை மன்னிக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினால்தானே பாவத்தைச் சொல்லவே வாய் வரும்? அப்படிச் சொல்வதே ஒரு துதி ஆகிவிடுகிறது. இந்த உறவைத் தமிழில் அப்படியே பிடித்து வைத்திருக்கும் சொல் பாவசங்கீர்த்தனம். அதனால்தான் ‘வடசொல்தானே’ என்று அதைச் சட்டென ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தச் சொல்தான் தமிழில் முதலில் இருந்தது என்றும் இல்லை. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிடையே பணி செய்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார், பாவங்களைச் சொல்வது எப்படி என்று கற்றுத்தரும் ஒரு தமிழ் நூலை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். அதன் பெயர் ‘கொமபெசியொனாயரு’. போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டதுதான். மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘கும்பசாரம்’ அதே போர்த்துக்கீசிய வேரிலிருந்து வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலியின் காலத்தில் போக்கு மாறியது. கோவில், பூசை, குரு, பிரசாதம் என்று மக்களின் பக்தி வழக்கில் ஏற்கெனவே இருந்த சொற்கள் கிறிஸ்தவத் தமிழுக்குள் வந்தன. பாவசங்கீர்த்தனமும் அந்த வகைச் சொல்தான்.

சீர்திருத்தச் சபைகளின் தமிழில் இதற்கு ‘பாவ அறிக்கை’ என்பார்கள். அறி என்ற நல்ல தமிழ் வேர். அறியத் தருவது அறிக்கை. ‘விசுவாச அறிக்கை’ என்றும் சொல்கிறோம், ஆகவே நம்புவதைச் சொல்வதும் தவறியதைச் சொல்வதும் இங்கேயும் ஒரே சொல்லில் சேர்கின்றன. ஒரே ஒரு சங்கடம். வானிலை அறிக்கை, நிதிநிலை அறிக்கை என்று கேட்டுப் பழகிய காதில் அந்தச் சொல் இன்று கொஞ்சம் அலுவலக வாசனையோடு விழுகிறது. சொல்கிறவர் மனம் கரையாமலேயே ஓர் அறிக்கையைக் கொடுத்துவிட முடியும்.

சரி, பொருத்தமான தமிழ்ச் சொல் எது?

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தைப் பார்த்தால் ஒரு வழி திறக்கிறது. அங்கே அறிக்கையிடுதலுக்கு ‘ஹோமோலொகேயோ’ என்ற வினை. ‘ஹோமோ’ என்றால் ஒத்த, ஒரே. ‘லொகோஸ்’ என்றால் சொல். அதையே சொல்லுதல், சொல்லில் ஒத்துப்போதல் என்பது அடிப்பொருள். தமிழில் இதற்கு நேராக நிற்கிறது ‘ஒப்புக்கொள்ளுதல்’. ஒப்பு என்றால் ஒத்திருப்பது. நான் செய்ததைப் பற்றிக் கடவுளுக்கு ஒன்று தெரியும், நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் கதை வேறாக இருக்கும். ‘அவன் பேசியதால்தான் நானும் பேசினேன்’, ‘அந்த நேரத்தில் வேறு வழியில்லை’ என்று நீளும் கதை அது. ஒப்புக்கொள்ளும்போது அந்த இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன. கடவுளுக்குப் புதிதாக எதையும் நாம் தெரிவிப்பதில்லை, அவர் அறிந்திருப்பதோடு நம் சொல்லை ஒத்துப்போக வைக்கிறோம்.

அதே ‘ஒப்பு’தான் ‘ஒப்புரவு’ என்ற சொல்லிலும் இருக்கிறது. திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. உலகத்தோடு ஒத்து வாழ்ந்து பிறருக்கு உதவுவதை வள்ளுவர் அங்கே பேசுகிறார். ‘ஒத்த தறிவான் உயிர்வாழ்வான்’ என்ற குறளும் அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை எடுத்து, பிரிந்தவர்கள் மீண்டும் சேர்வதற்கு வைத்தது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு ‘ஒப்புரவாகு’ என்று இயேசு சொல்வது மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவைக்குப் பிறகு, பாவசங்கீர்த்தனத்தின் வழிபாட்டு முறை 1973இல் புதுப்பிக்கப்பட்டது. இன்று கத்தோலிக்கத் தமிழில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்பதே முறையான பெயர். (சிலர் ‘உறவு’ என்று நினைத்து ‘ஒப்புறவு’ என எழுதுகிறார்கள். இடையின ‘ர’ தான் சரி.)

என் கருத்து இதுதான்: செயலுக்கு ஒப்புக்கொள்ளுதல், அது கொண்டுசேர்க்கும் நிலைக்கு ஒப்புரவு. ஒரே வேரில் இரண்டும் அமைந்தது தமிழுக்குக் கிடைத்த பேறு. பாவசங்கீர்த்தனம் என்று சொல்கிறவர்களையும் திருத்த வேண்டியதில்லை, அந்தச் சொல்லில் உள்ள துதி வேறு எதிலும் இல்லை.

மன்னிப்புக்கு வருவோம். இயேசு கற்றுத்தந்த செபத்தின் பழைய கத்தோலிக்க வடிவத்தில் ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்றுதான் வரும். பொறு என்றால் சுமையைத் தாங்கு. எபிரேயத்தில் மன்னிப்பதற்கு வழங்கும் ‘நாசா’ என்ற வினைக்கும் தூக்குதல், சுமத்தல் என்றுதான் பொருள். நான் சுமந்துகொண்டிருந்ததை இன்னொருவர் எடுத்துச் சுமக்கிறார். சிலுவையை நினைக்கும் கிறிஸ்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அதே செபத்தை மற்றச் சபையினர் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று சொல்வார்கள். அங்கே பாவம் கடனாகிறது.

கடன் என்றதும் இன்னொரு சொல் சேர்ந்து வருகிறது. சமாதானம் என்று நாம் பெயர்க்கும் ‘ஷாலோம்’ என்ற எபிரேயச் சொல்லின் வேருக்கு முழுமை, குறைவின்மை என்று பொருள். கடனைத் திருப்பித் தருவதைக் குறிக்கும் வினையும் அதே வேரில் இருக்கிறது. ஆகவே மன்னிப்புப் பெற்றவரின் மனநிறைவை வெறும் நிம்மதி என்று சொன்னால் போதாது. உடைந்திருந்தது முழுதாகிறது. 32ஆம் சங்கீதம் இதன் மறுபக்கத்தையும் சொல்கிறது: வாய் திறக்காமல் அடக்கிவைத்திருந்தவரைக்கும் எலும்புகளே உலர்ந்துபோயின. பாவத்தை வெளியே சொன்னதும் மன்னிப்பு வந்துவிடுகிறது, அதே வசனத்தில்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், வீட்டை விட்டுப் போன இளைய மகனும் என்ன சொல்வது என்று முன்பே தயாரித்துக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புகிறான். பாவம் செய்தேன், உமது மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். அவர் தோளில் சாய்ந்தபடி மகன் முதல் இரண்டையும் சொல்கிறான். கூலியாள் பேச்சை எடுப்பதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, உயர்ந்த ஆடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.