'உடம்புக்கு முடியலை' என்றால் எது முடியலை?

தமிழில் நோயைச் சொல்ல நாம் அதிகம் பயன்படுத்தும் வாக்கியத்தில் நோயின் பெயரே கிடையாது. "உடம்புக்கு முடியலை" என்கிறோம். ஏதோ ஒரு செயல் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான் தகவல். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போன்ட்டி 1945இல், மனித உணர்வின் அடித்தளம் 'நான் சிந்திக்கிறேன்' என்பதல்ல, 'என்னால் முடியும்' என்பதே என்று எழுதினார். நல்ல உடம்போடு இருப்பவர் மாடிக்கு எத்தனை படி என்று எண்ணுவதில்லை. எண்ணத் தொடங்கிவிட்டார் என்றால் அந்த 'முடியும்' ஆட்டம் கண்டுவிட்டது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நோய் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு வரும். பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். முழுதாக ஊதிய காற்றில் முதல் ஒரு விநாடியில் வெளியேறுவது 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு உறுதி. இது நுரையீரலின் கணக்கு. ஆனால் ஒரே அளவு ஊதும் இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார், இன்னொருவர் கட்டிலைவிட்டு இறங்கத் தயங்குவார். 'கோல்டு' என்ற சர்வதேச வழிகாட்டுநெறி 2011இல்தான், ஊதும் அளவோடு நோயாளி படும் பாட்டையும் சேர்த்து எடை போடத் தொடங்கியது.

அந்தப் பாட்டை அளக்க எளிய படிநிலை ஒன்று உண்டு, 0 முதல் 4 வரை. கடும் உழைப்பில் மட்டும் மூச்சு இளைத்தால் 0. வேகமாக நடந்தாலோ சிறு மேடு ஏறினாலோ இளைத்தால் 1. சமதளத்திலேயே தன் வயதுக்காரர்களைவிட மெதுவாக நடந்தால், அல்லது தன் வேகத்தில் போகும்போதே நின்று மூச்சு விட வேண்டியிருந்தால் 2. சுமார் நூறு மீட்டர் நடந்ததுமே மூச்சுக்காக நின்றால் 3. வீட்டைவிட்டுக் கிளம்பவோ உடை மாற்றவோ முடியாவிட்டால் 4. படித்துப் பாருங்கள், இது முழுக்க முழுக்க 'முடியலை'யின் அளவுகோல்.

கேள்வியில்தான் தப்பு நடக்கிறது. "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் பலரும் "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டார்கள். மாடிக்குத் துணி காயப்போடப் போவதில்லை; கல்யாணத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது: "போன தீபாவளிக்குச் செஞ்ச எந்த வேலையை இப்ப விட்டுட்டீங்க?"

குளியலறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செம்பைத் தலைக்கு மேல் தூக்கும் கணத்தில், மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள், கழுத்துத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. கால் தேய்க்கக் குனிந்தால் வயிறு மேலே தள்ளி, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை நெருக்குகிறது. முகத்தில் தண்ணீர் விழும்போது மூச்சை ஒரு நொடி அடக்க வேண்டியிருக்கிறது. தலை சீவுவதும் ஜடை பின்னுவதும் இதே கதைதான். ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியையும் உயரத்தில் வைத்து, வெளிமூச்சு விடும்போது செம்பைத் தூக்கினால் பாதிக் கஷ்டம் குறையும். 'குளிக்கவே சோம்பல்' என்று வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

அடுத்த சிக்கல் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி. "96 காட்டுதேப்பா, அப்புறம் என்ன?" என்பாள் மகள். ஆக்சிஜன் சரியாக இருந்தும் மூச்சு முட்டலாம். குறுகிய குழாய்களில் பழைய காற்று வெளியேறாமல் தங்கிவிடுகிறது. அடுத்த மூச்சுக்கு இடமே இருப்பதில்லை. நோயாளிகள் "உள்ளே இழுக்க முடியலை" என்று சொல்வது இதைத்தான், அதுவும் மிகத் துல்லியமாக. எண்ணை நம்பி ஆளை நம்பாமல் விடுவதற்குத் தத்துவத்தில் பெயர் இருக்கிறது. சொல்பவர் யார் என்பதால் அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை அறிவுசார் அநீதி என்று 2007இல் தத்துவ அறிஞர் மிராண்டா ஃப்ரிக்கர் விளக்கினார். அரிய நுரையீரல் நோய் ஒன்றோடு வாழும் தத்துவப் பேராசிரியர் ஹாவி கேரல், இயன் ஜேம்ஸ் கிட் என்ற இன்னொரு தத்துவ அறிஞருடன் சேர்ந்து அதை மருத்துவத்துக்குப் பொருத்திக் காட்டினார். கேரல் பேசும் இன்னொரு விஷயம் உடம்பின்மேல் வரும் சந்தேகம்: பஸ் ஸ்டாப்வரை போய்விடுவேனா, நடுவில் நின்றால் ஆட்கள் பார்ப்பார்களா?

அந்தச் சந்தேகத்தால் நடை குறையும், நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும், மெலிந்த தசை சீக்கிரம் களைத்து இன்னும் அதிக மூச்சு கேட்கும். "ரெஸ்ட் எடுங்க" என்ற அன்பான அறிவுரை இங்கே கெடுதலாக முடிவதற்குக் காரணம் இதுதான்.

மூச்சு இளைக்கும்போது முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேலோ மேசைமேலோ ஊன்றுங்கள். இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, நான்கு எண்ணும்வரை உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் மெல்ல விடுங்கள். சின்ன கைமின்விசிறியை முகத்துக்கு அரை அடி தூரத்தில் பிடித்தாலும் பலருக்கு ஆறுதல் கிடைக்கும். முக நரம்பில் படும் குளிர்ச்சி மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது, திடீரென நெஞ்சு வலிக்கிறது என்றால் மட்டும் இதையெல்லாம் செய்துகொண்டு இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் நடக்கும்: நடை, கால் தசைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. முடிந்ததும் மறுபடி ஊதிப் பார்த்தால் அளவில் பெரிய மாற்றம் இருக்காது. குடும்பத்தார் ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நோயாளியோ ஆறு நிமிட நடைச் சோதனையில் முன்பைவிட அதிக தூரம் நடந்திருப்பார். தெருமுனைக் கடைக்குத் தானே போய்ப் பால் வாங்கி வந்திருப்பார்.