சொல் விளக்கம்: இன்சுலின் கேளாமை

போன மாதம் கோபி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம். வரிசையில் நின்றவர்கள் கையிலெல்லாம் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்தார்கள். "உங்கள் உடலில் இன்சுலின் எதிர்ப்புச் சக்தி அதிகமாக உள்ளதா?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற மஞ்சக்காட்டுப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு திரும்பி, "எதிர்ப்புச் சக்தி சாஸ்தியா இருந்தா நல்லதுதானுங்க தம்பி? கொரோனாவுக்கு அதுக்குத்தானுங்களே கசாயம் குடிச்சோம்?" என்றார்.

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இருபது வருசமாக நம் காதில் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று ஓதிவிட்டு, இப்போது எதிர்ப்புச் சக்தி கெட்டது என்றால் யாருக்குத்தான் புரியும்? 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முதலில் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. கணையத்துக்குள் தீவுத்தீவாகக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். அங்கே சுரப்பது என்பதால் இன்சுலின். 1921-இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இதையும் தமிழாக்கி 'கணையநீர்' என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்கள் உண்டு. கணையநீர் என்றால் குடலில் சோறு செரிக்க இறங்கும் நீர்; பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். இன்சுலின் இறங்குவது ரத்தத்தில். பேரைப் பேராகவே விடுங்கள், அது ஊசி போடும் எல்லார் வாயிலும் ஏறிவிட்டது.

வம்பு அடுத்த சொல்லில்தான். இன்சுலின் சொன்னபடி தசைச் செல் ரத்தத்துச் சர்க்கரையை எடுத்துக்கொண்டால் இங்கிலீஷில் அது 'இன்சுலின் சென்சிட்டிவிட்டி', சரியாக எடுத்துக்கொள்ளாவிட்டால் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்'. 'சென்சிட்டிவிட்டி' என்பதன் வேர் உணர்தல், 'ரெசிஸ்டன்ஸ்' என்பதன் வேர் எதிர்த்து நிற்றல். மொழிபெயர்ப்பாளர்கள் வேரைப் பிடுங்கி நட்டார்கள்: உணர்திறன், எதிர்ப்பு. பாடநூலில் 'எதிர்ப்பு' என்று இருந்தது, பிரசுரம் எழுதியவர் கையில் 'எதிர்ப்புச் சக்தி' ஆயிற்று. உண்மையில் 'எதிர்ப்பு' பொருந்தும் இடம் ஒன்று உண்டு. மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைப் போட்டுக்கொண்ட காலத்தில் சிலர் உடம்பு அதற்கு எதிராக எதிர்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கிக்கொண்டது. அது எதிர்ப்பு. தசைச் செல் அப்படி யாரோடும் சண்டை போடவில்லை.

'உணர்திறன்' இன்னும் மோசம். சோப்பு விளம்பரத்தில் தோலுக்கு உணர்திறன், பற்பசையில் பல்லுக்கு, கேமராவில் ஒளிக்கு. போகட்டும். ஆனால் சர்க்கரைக்காரரிடம் "உங்களுக்கு உணர்திறன் குறைவு" என்றால் அவர் உடனே குனிந்து பாதத்தைத் தடவிப் பார்ப்பார். கால் மரத்துப்போய், முள் குத்தினது தெரியாமல் புண்ணாகிப்போன கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒரே நோயில் இரண்டு சங்கதிக்கு ஒரே சொல்லை வைத்தால் எப்படி?

நம்மிடம் சொல் இல்லாமலா? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா என்ன சொல்கிறாள்? "மாத்திரைக்குக் கேக்கவே மாட்டீங்குது, ஊசிக்குத்தான் கேக்கும்." மருந்து போய்ச் சொல்கிறது, உடம்பு கேட்கிறது அல்லது கேட்காமல் கிடக்கிறது. வண்டியில் பூட்டின மாடு சொன்னபடி போனாலும் 'கேக்குது' என்றுதான் சொல்கிறோம். 1936-இல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் சேர்த்துக் கொடுத்து, சர்க்கரை அடங்குபவர், அடங்காதவர் என்று இரு வகை பிரித்தார். தமிழில் சொன்னால் இன்சுலினுக்குக் கேட்பவர், கேளாதவர்.

இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள், விஷயமே தெளிகிறது. இன்சுலின் சொன்னதும் செல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும் ஒரு கடத்திப் புரதம் மேல்பரப்புக்கு வந்து ரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. அப்படி இழுப்பதில் பெரும்பங்கு தசையினுடையது. டென்மார்க்கில் ரிக்டரும் உடனிருந்தவர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரே ஒரு காலால் ஒரு மணி நேரம் உழைக்கவிட்டு, நாலு மணி நேரம் கழித்து இன்சுலின் ஏற்றினார்கள். உழைத்த கால் கூடுதல் சர்க்கரையை இழுத்தது. ஒரே ரத்தம், ஒரே இன்சுலின். ஒரு கால் நன்றாகக் கேட்கிறது, மறுகால் பழையபடி. நடக்கும்போதோ, தசை இன்சுலின் சொல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகு ஒன்றிரண்டு நாள் குறைந்த இன்சுலினுக்கே கேட்கும். "உடற்பயிற்சி இன்சுலினைக் கூட்டும்" என்று எழுதுகிறார்களே, அது பொய். உழைக்கும்போது சுரப்பு குறையத்தான் செய்யும்.

சாப்பாடும் அப்படியே. தேவைக்கு மேல் தின்று, தறிப்பட்டறையிலும் கடையிலும் அசையாமல் உட்கார்ந்து, தசையிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தால் காது மந்தமாகிற மாதிரி தசை மந்தமாகிறது. எடை இறங்கினால் மறுபடி கேட்கத் தொடங்கும். (களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பி மூன்று உருண்டை விழுங்குகிறவர்களுக்கு: ராகியும் மாவுச்சத்துதான்.)

ஆகவே ரெசிஸ்டன்ஸுக்கு 'இன்சுலின் கேளாமை'. அதன் மறுபக்கத்துக்கு 'இன்சுலின் கேட்பு' என்று வைக்கத்தான் ஆசை. ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த என் மச்சான் ஒரே போடாகப் போட்டார்: "கேட்புன்னா எங்களுக்கு வரிக் கேட்புங்க மாப்பிள்ளை. கேட்பு, வசூல், பாக்கி." சரிதான். அப்படியானால் 'இன்சுலின் இணக்கம்' என்று போடலாம், தலைப்புக்கு மட்டும். உள்ளே எழுதும்போது பெயர்ச்சொல் எதற்கு? 'இன்சுலின் உணர்திறன் மேம்பாடு ஏற்படுகிறது' என்று நாலு சொல்லை அடுக்குவதற்கு, 'தசை இன்சுலினுக்கு நன்றாகக் கேட்கிறது' என்று வினையாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? இங்கிலீஷ் பெயர்ச்சொல்லாக வந்தது என்பதற்காக நாமும் பெயர்ச்சொல்லைத் தேடி அலைகிறோம்.

மண்டபத்துப் பெரியவரிடம் இப்படித்தான் சொன்னேன்: "உங்க சதை இன்சுலினுக்குக் கேக்க மாட்டீங்குதுங்கய்யா."

"நடந்தாக் கேக்குமுங்களா?"

"கேக்குமுங்க. விட்டுட்டா ரெண்டு நாள்ல மறந்துரும்."

பிரசுரம் கொடுத்த பையனிடமும் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாற்றுவார்களாம். இப்போதைக்கு இன்னும் ரெண்டு கட்டு பிரிக்காமல் இருக்கிறதாம்.