ஹிதர்னா இங்கேயா, இங்கிட்டா?

ஹிதர்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு, டிக்‌ஷனரிய தொறந்தா 'இங்கே'ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருப்பாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா பாதிதான் சரி.

ஹியர்னா இங்க இருக்கிறது, ஹிதர்னா இந்தப் பக்கமா வர்றது, ஹென்ஸ்னா இங்கேருந்து கெளம்புறது. இதே கணக்குல 'அங்கே'வுக்கு தேர், திதர், தென்ஸ்னு மூணு, 'எங்கே'வுக்கு வேர், விதர், வென்ஸ்னு மூணு, ஆக ஒம்போது வார்த்தைய வச்சு இருப்பு, வரவு, போக்கு எல்லாத்தையும் தனித்தனியா சொல்லிட்டு இருந்தாங்க. பழைய இங்கிலீஷ்ல இது 'ஹிடெர்'தான், ஃபாதர் மதர்ல கூட அப்ப 'ட' சத்தம்தான் இருந்துச்சு, பின்னாடிதான் எல்லாம் சேர்ந்து 'த'வா மாறுச்சு. இந்தி 'இதர்' மாதிரியே இருக்கேன்னு சிலர் குஷியாயிடுவாங்க, சத்தத்த மட்டும் வச்சு சொந்தம் கொண்டாடக் கூடாதுங்க, ஹிதர்ல இருக்கிற 'ஹி' ஹீ, ஹியர் குடும்பத்தோடது.

1611ல வந்த கிங் ஜேம்ஸ்ங்கற இங்கிலீஷ் பைபிள்ல 'எங்கே போகிறீர்'ங்கற எடத்துல விதர்தான் நிக்குது. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஹியர், தேர், வேர் மூணும் மத்த வேலையவும் சேத்துப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. ஜெர்மன்காரங்க இன்னும் விடல, எங்கன்னா வோ, எங்க போறன்னா வோஹின், எங்கேருந்துன்னா வோஹேர்.

சரி, தமிழ்ல ஹிதருக்கு என்ன? எனக்குத் தோணுறது, நம்ம திசைய பெரும்பாலும் வினைலயே வச்சுட்டோம். தொல்காப்பியத்துல இதுக்கு விதியே இருக்கு, தருதல் வருதல் ரெண்டும் தன்மை முன்னிலைக்கு, செல்லுதல் கொடுத்தல் ரெண்டும் படர்க்கைக்கு. அதனாலதான் போன்ல பேசுறப்ப 'உங்க வீட்டுக்கு வர்றேன்'னு சொல்றோம், 'போறேன்'னு சொன்னா கேக்குறவருக்கு ஒரு மாதிரி இருக்கும். 'கொண்டு வா', 'கொண்டு போ'ன்னாலே பக்கம் தெரிஞ்சிடுது, தனியா ஒரு ஹிதர் எதுக்கு? இருந்தாலும் ஒத்த வார்த்தையா கேட்டா மதுரைப் பக்கம் சொல்ற 'இங்கிட்டு'தான் என் ஓட்டு. 'இங்கிட்டு வா', 'அங்கிட்டும் இங்கிட்டும் அலையாத', இந்த ரெண்டாவதுதான் ஹிதர் அண்ட் திதர், அச்சு அசல். எழுத்து நடை வேணும்னா 'இவண்' இருக்கு, சங்கப் பாட்டுலயே வர்ற சொல்லு, ஆனா இப்ப போஸ்டர்ல 'இவண்: விழாக் குழுவினர்'னு போட்டுப் போட்டு அது ஏதோ 'இப்படிக்கு' மாதிரி ஆயிடுச்சு.

ஹிதர் செத்தாலும் அதோட புள்ள ஹிதர்டூ ஆபீஸ் லெட்டர்லயும் கோர்ட்டு பேப்பர்லயும் உசுரோட இருக்கு, இப்ப அர்த்தம் 'இதுவரைக்கும்'. ஆனா முன்ன அது எடத்தையும் குறிச்சுது. பைபிள்ல யோபு புத்தகத்துல கடவுள் கடலப் பாத்து 'இதுக்கு மேல தாண்டாத'ங்கற எடத்துல கிங் ஜேம்ஸ் பைபிள்ல ஹிதர்டூ, அது எல்லை. அதே பைபிள்ல வர்ற தீர்க்கதரிசி சாமுவேல் கல்லு நட்டு எபெனேசர்னு பேர் வச்சப்பவும் அதே ஹிதர்டூதான், அங்க அது காலம். தமிழ் பைபிள எடுத்துப் பாருங்க, முதல் எடத்துல 'இம்மட்டும் வா, மிஞ்சி வராதே', ரெண்டாவதுல 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்'. ஒரே 'இம்மட்டும்' எல்லைக்கும் காலத்துக்கும் அப்படியே பொருந்துது, அந்த மொழிபெயர்ப்பாளர் கைய புடிச்சு முத்தம் குடுக்கலாம் போல. அதனால ஹிதருக்கு இங்கிட்டு, ஹிதர்டூவுக்கு இம்மட்டும், ஆபீஸ் கடிதம்னா 'இதுவரை'ன்னு எழுதிக்கோங்க.